தோட்டத்துக்குப் போன பிள்ளை

கிறிஸ்தவ விசுவாசத்தில் கீழ்ப்படிதலை எப்படி அளப்பது என்பதற்கு, மத்தேயு சுவிசேஷம் 21ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன ஒரு கதை போதும். திராட்சைத் தோட்டத்துக்குப் போய் வேலை செய்யுமாறு ஒரு தகப்பன் தன் இரண்டு பிள்ளைகளிடமும் சொல்கிறான். மூத்தவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பிறகு மனம் மாறிப் போகிறான். இளையவன் சரி என்கிறான், ஆனால் போகவில்லை. தகப்பன் சொல்லைக் கேட்டது யார் என்று இயேசு கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தவர்கள் பிரதான ஆசாரியர்களும் மூப்பர்களும். நாள் தவறாமல் தேவாலயத்தில் நின்றவர்கள் அவர்கள்.

துறையூர் வட்டாரத்தில் அந்தத் தோட்டம் மலைமேல் இருந்தது. ஊருக்கு ஒரு பக்கம் பச்சைமலை, மறுபக்கம் கொல்லிமலை. மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் வாழும் இந்த மலைகளுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன் சாலை கிடையாது, மருத்துவர் கிடையாது. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் அங்கே இரவு தங்கவே தயங்கினார்கள். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் 1913இல் திருமணம் முடிந்த கையோடு கொல்லிமலை ஏறி, வாழவந்தியில் குடியிருந்தார்கள். ஈவ்லின் லண்டனின் வசதியான வீட்டுப் பெண், ஓவியம் பயின்றவர். ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர். மருத்துவத்தில் மிஷனெரிகளுக்குரிய அடிப்படைப் பயிற்சி மட்டும் பெற்றவர்.

அவர்கள் செய்த வேலைகளில் ஒன்றைச் சற்று அருகே போய்ப் பார்க்க வேண்டும். நரம்புச்சிலந்தி என்னும் புழுநோய் அந்நாளில் மலையின் பெரும் துன்பம். குடிக்கும் தண்ணீரில் உள்ள கண்ணுக்குப் புலப்படாத நீர்ப்பூச்சி வழியாகப் புழுவின் இளம்பருவம் வயிற்றுக்குள் போகிறது. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, முழுதாய் வளர்ந்த பெண்புழு காலில் கொப்புளமாக வெளிப்படுகிறது. சில புழுக்கள் ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைத் தண்ணீரில் நனைத்தால், புழு அங்கேயே தன் குஞ்சுகளை விட்டுவிடும். ஆட்கள் இறங்கித் தண்ணீர் மொள்ளும் படிக்கிணறு இருக்கும்வரை நோய் ஓயாது. வெளியே தலைநீட்டும் புழுவை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு அறுத்துவிட்டால் உள்ளே தங்கிய பகுதி சீழ் பிடித்துக் காலையே முடக்கும். ஜெஸ்ஸி இப்படிக் குச்சி சுற்றினார். அதோடு நிற்காமல், ஆட்கள் இறங்க முடியாதபடி சுற்றுச்சுவர் எழுப்பி, வாளியால் இறைக்கும் கிணறுகளைக் கட்டினார். சுவிசேஷப் பணி என்று பிரசங்கங்களில் சொல்லப்படுவதில் இந்தக் கிணற்றுச் சுவர்களுக்கு உரிய இடம் கிடைப்பதில்லை. நோயாளிகளைக் குணமாக்குங்கள் என்பதும் சீஷர்களுக்கு இடப்பட்ட கட்டளைதான்.

பிரசங்கத்தைக் கேட்டவர்கள் பலர், விசுவாசத்தில் சேர்ந்தவர் யாரும் இல்லை. பல ஆண்டுகள் நிலைமை இதுதான். ஊர்க்கட்டுப்பாடு வலுவாக இருந்தது, பூசாரி எதிர்த்தார். முதல் உலகப்போர் முடியும் காலத்தில் விஷக்காய்ச்சல் மலையிலும் பரவியது. பூசாரியும் அவர் மனைவியும் நோயில் விழுந்தார்கள். பயத்தில் யாரும் அந்த வீட்டை நெருங்கவில்லை. பிராண்ட் தம்பதி போய்ப் பார்த்துக்கொண்டார்கள். சாகும் தறுவாயில் பூசாரி தம் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். அந்தப் பெண்குழந்தை ரூத் என்ற பெயரில் வளர்ந்தாள். அதற்குப் பிறகுதான் மலையில் சபை உருவாயிற்று. எதிர்த்தவர் வீட்டு வாசலில் கால் வைத்ததற்கு முன் ஆண்டுக்கணக்கான பிரசங்கம் இருந்தது உண்மை. ஆனால் மக்களை அசைத்தது அந்த வாசல்தான்.

இந்தக் கீழ்ப்படிதலுக்கு ஒரு விலை உண்டு. அதைப் பக்தி வரலாறுகள் சீக்கிரமாகக் கடந்துவிடுகின்றன. 1923இல் மகன் பாலையும் மகள் கானியையும் படிப்புக்காக இங்கிலாந்தில் உறவினர்களிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். பாலுக்கு அப்போது ஒன்பது வயது. 1929இல் ஜெஸ்ஸி கறுநீர்க் காய்ச்சலால் இறந்தார். தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. கப்பலில் வந்துகொண்டிருந்த தகப்பனின் கடிதங்கள், அவர் இறந்த செய்திக்குப் பிறகும் வாரக்கணக்கில் மகன் கைக்கு வந்துகொண்டே இருந்தன. பிள்ளைகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கசப்பில்லாமல் பால் இதைப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அதனால் அந்தப் பிரிவு சிறிதாகிவிடாது. சீஷத்துவத்தைப் பேசும்போது வீட்டில் காத்திருப்பவர்களின் பங்கையும் சேர்த்தே பேசுவதுதான் நேர்மை.

கணவர் இறந்தபின் ஈவ்லின் இங்கிலாந்து போய், மறுபடியும் இந்தியாவுக்கு வந்தார். இருவருமாகச் சேர்ந்து ஊழியத்துக்கென்று பார்த்துவைத்த மலைகள் ஐந்து; கொல்லிமலையோடு பச்சைமலையும் கல்வராயன் மலையும் அவற்றில் உண்டு. எழுபதை நெருங்கும் வயதில் மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தது. நிர்வாகத்தின் பார்வையில் அது நியாயமான முடிவு. ஓய்வை ஏற்றுக்கொண்ட ஈவ்லின், இனி மிஷனின் கட்டுப்பாடு தமக்கு இல்லை என்று சொல்லி, சொந்தப் பொறுப்பில் அடுத்த மலைக்குப் போய்விட்டார். மட்டக்குதிரையில் போனார், பலமுறை விழுந்தார், எலும்பு முறிந்தது. பிறகு இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராக இருந்த பால், மலையைவிட்டு இறங்கும்படி தாயை வற்புறுத்தியும் பலனில்லை. தேவைப்படும் இடத்தில் பயன்படாத உடம்பைப் பத்திரமாக வைத்திருந்து என்ன செய்வது என்பதே அவருடைய பதிலின் சாரம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அனுப்பிய மிஷனின் சொல்லை மீறியவரைக் கீழ்ப்படிந்தவர் என்று எப்படிச் சொல்வது? தம் விருப்பத்தையே கடவுளின் சித்தம் என்று எண்ணிக்கொண்டு ஊரைக் கெடுத்தவர்களும் உண்டு. ஈவ்லின் மீறியது சுகத்துக்காகவோ பதவிக்காகவோ அல்ல; போன இடத்தில் அவருக்குக் கிடைத்தவை காய்ச்சலும் எலும்புமுறிவும்தான். பலனடைந்தவர்கள் மலைமக்கள். மீறலைச் சோதிக்க இதைவிட நல்ல உரைகல் இல்லை.

மகன் பால் போனது வேறு தோட்டம். தொழுநோயாளிகளின் விரல்கள் சிதைவது நோயால் நேரடியாக அல்ல, வலி உணர்வு போய்விடுவதால் ஏற்படும் காயங்களால்தான் என்பதை நிறுவியவர்களில் அவர் முதன்மையானவர். மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தி, அவர்கள் மீண்டும் வேலைக்குப் போக வழிசெய்தார்.

ஈவ்லின் பிராண்ட் 1974இல், 95 வயதில் இறந்தார். கொல்லிமலையில் கணவருக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். துறையூர்ச் சபைகளில் மலை ஊழியத்துக்குக் காணிக்கை கொடுப்பவர்கள், செங்காட்டுப்பட்டி வழியாகப் பச்சைமலைக்குச் சாலை இருக்கும் இக்காலத்தில், ஆண்டுக்குச் சில நாளாவது தாங்களே ஏறிப் போகட்டும். செவிலியர் மருந்துப் பெட்டியோடு போகட்டும், ஆசிரியர் பாடப்புத்தகத்தோடு போகட்டும், கொத்தனார் கரணையோடு போகட்டும்.