ஓட்டுறவங்க சொன்னா வண்டி நிக்கணும்

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த மறுநாளே ஒரு வாட்ஸ்அப் குரூப் முளைக்கும். ஜெர்மனியில எம்.எஸ். படிக்கிற சீனியர் ஒருத்தர் ஐஸ்லாந்து ரீல் ஒண்ணைத் தட்டிவிடுவார். அருவி, கருப்பு மணல் கடற்கரை, ஆளே இல்லாத நீளமான ரோடு. "மச்சி, கார் எடுத்து ஒரு ரவுண்டு அடிக்கிறோம்"னு நாலு பேர் கை தூக்குவாங்க. ஒரு மணி நேரத்துல மேப்ல இருபது பின் விழுந்திருக்கும். அந்த இருபது பின்னையும் யார் ஓட்டிக் கடக்கப் போறாங்கன்னு மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

என் கட்சி இதுதான். வெளிநாட்டுல வாடகைக் கார் எடுத்துச் சுத்துற பிளானை ஸ்டியரிங் பிடிக்கிற ஆளிடமிருந்து ஆரம்பிக்கணும், இடங்களோட லிஸ்ட் அதுக்கு அப்புறம்தான். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், எங்கே நிறுத்தணும், எப்போ கேன்சல் பண்ணணும்னு முடிவு பண்ற உரிமை அவங்களுக்குத்தான் இருக்கணும். மத்த மூணு பேரும் பயணிகள், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம், நாமதான் இன்ஜினியர்கள் ஆச்சே. ஐஸ்லாந்தைச் சுத்தி வர்ற ரிங் ரோடு சுமார் 1,320 கி.மீ. ஊருக்கு வெளியே தார் ரோட்டில் வேக வரம்பு 90. வகுத்தா 15 மணி நேரம்கூட வராது, நாலு நாளில் முடிச்சிடலாம்னு தோணும். ஆனா ஊருக்குள்ள வரம்பு 50, ஜல்லி ரோட்டில் 80, நடுவுல ஒத்தைவழிப் பாலங்கள், காத்து, மழை, கோடையில் ரோட்டைக் கடக்கிற ஆடுகள். சராசரி 60 வெச்சுக்கங்க. 22 மணி நேரம் ஆகுது. நாலு நாள்னா தினமும் அஞ்சரை மணி நேரம் ஸ்டியரிங்லயே. நாளுக்கு ஆறு இடம் பார்க்கணும், இடத்துக்கு முக்கால் மணி நேரம்னு சேர்த்தா மொத்தம் பத்து மணி நேரம். டிசம்பர் கடைசியில் ரெய்க்யவிக்கில் பகல் வெளிச்சமே சுமார் 4 மணி நேரம்தான். லட்சக்கணக்கில் செலவு பண்ணி, இருட்டையும் வைப்பரையும் பார்த்துட்டு வர்றதுக்கா போறோம்?

அதையே எட்டு நாளாக்கினா தினமும் 165 கி.மீ., மூணு மணி நேரத்துக்கும் குறைவு. எட்டு நாள் லீவு இல்லையா? சுத்தி வர்ற ஆசையை விட்டுட்டு தென்கரையை மட்டும் போங்க. அங்கேயும் ரெய்க்யவிக்கிலிருந்து பனிப்பாறை மிதக்கிற யோகுல்சார்லோன் ஏரிக்கு ஒரு வழியே ஏறக்குறைய 370 கி.மீ. "காலைல போய் ராத்திரி திரும்பிடலாம்"னு சொல்றவர் கிட்டத்தட்ட எப்பவும் பின் சீட்டில்தான் உக்காந்திருப்பார். நடுவுல ஒரு ராத்திரி தங்குங்க.

அடுத்தது திறமை. "சென்னை டிராஃபிக்ல ஓட்டினவன் உலகத்துல எங்க வேணா ஓட்டுவான்" என்கிற வசனம் நம்ம காலேஜிலும் பிரபலம். சென்னை நமக்குச் சொல்லிக் கொடுத்தது நெரிசலில் நுழைஞ்சு வெளியே வர்ற வித்தை. ஐஸ்லாந்து கேக்கிறது வேற. அங்கே ரோட்டின் வலது பக்கம் ஓட்டணும், ஸ்டியரிங் இடது பக்கம். அவங்களும் ஒரு காலத்தில் நம்மளை மாதிரி இடது பக்கம் ஓட்டினவங்கதான், 1968 மே 26 அன்னிக்குத்தான் மாறினாங்க. நாம அந்த மாற்றத்தை ஏர்போர்ட் பார்க்கிங்கில் அஞ்சு நிமிஷத்தில் செய்யணும். நேர் ரோட்டில் பிரச்சினை வராது. பெட்ரோல் போட்டுட்டு வெளியே வர்ற நொடியில், எதிரே ஒரு வண்டியும் இல்லாத சந்திப்பில், அசதியா இருக்கும்போது, கை பழைய பக்கம்தான் போகும். அதனால காசு கொஞ்சம் கூட ஆனாலும் ஆட்டோமேட்டிக் எடுங்க. முதல் நாள் நூறு கிலோமீட்டருக்கு மேல வேண்டாம். பக்கத்து சீட்டில் இருக்கிறவருக்கு ஒரே வேலை: ஒவ்வொரு திருப்பத்திலும் "வலது, வலது"ன்னு சொல்றது.

ஒத்தைவழிப் பாலத்தில் முதல்ல நெருங்கின வண்டிக்கு வழி விடுறது அங்கே வழக்கம். முகப்பு விளக்கு பகலிலும் எரியணும், அது சட்டம். போட்டோவுக்காக ரோட்டு ஓரத்தில் நிறுத்தாதீங்க, பல இடத்தில் ஒதுங்க ஓரமே கிடையாது. ரோடு எண்ணுக்கு முன்னால 'எஃப்' எழுத்து இருந்தா அது மலைப்பாதை. கோடையில் மட்டும்தான் திறக்கும், ஃபோர் வீல் டிரைவ் வண்டி கட்டாயம். ரோட்டை விட்டு இறங்கி மண்ணிலும் பாசியிலும் ஓட்டுறது குற்றம், அபராதம் பெருசு. அங்கே நசுங்கின பாசி திரும்ப வளரப் பல வருஷம் ஆகும்.

இப்போ காசு. நாலு பேர் போறீங்க, கார் ஒருத்தர் பேரில், டெபாசிட் பிடிக்கிறது அவரோட கிரெடிட் கார்டில். கம்பெனிகள் பொதுவா குறைந்தபட்ச வயசு வெச்சிருக்கும், பெரிய வண்டிக்கு அது இன்னும் கூடும். லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷமாவது ஆகியிருக்கணும்னும் கேப்பாங்க. நம்ம ஆர்.டி.ஓ. மூலமா சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கங்க. அது அதிகபட்சம் ஒரு வருஷம்தான் செல்லும், அசல் லைசென்ஸும் கூடவே இருக்கணும். ரெண்டு பேர் ஓட்டுறதா இருந்தா ரெண்டு பேரையும் ஒப்பந்தத்தில் சேருங்க. பேர் இல்லாதவர் ஓட்டி இடிச்சா இன்சூரன்ஸ் கையை விரிச்சிடும்.

இன்சூரன்ஸ் இருந்தாலே எல்லாம் கவர் ஆயிடாது. ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும் நம்ம தலையில்தான். ஜல்லி தெறிச்சு உடையுற கண்ணாடிக்கு ஒரு பாதுகாப்பு, மணலும் சாம்பலும் அடிச்சு பெயின்ட் போறதுக்கு இன்னொண்ணுன்னு தனித்தனியா விப்பாங்க. காத்து கதவைப் பிடுங்கிட்டுப் போறதும், ஆத்துக்குள்ள இறக்கி இன்ஜின் போறதும் பெரும்பாலும் எதிலும் அடங்காது. அதனால காத்தடிக்கிற நாளில் கதவை ரெண்டு கையாலும் பிடிச்சுத் திறங்க. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே குரூப்பில் எழுத்தில் பேசி முடிங்க: சேதம் ஆனா நாலு பேரும் சமமாப் பங்கு. இதுக்கு ஒத்துக்காதவர் பின் சீட்டில் உக்காந்து "இன்னும் கொஞ்சம் வேகமா போ"ன்னு சொல்ல முடியாது.

"இவ்வளவு தூரம் வந்துட்டு, இவ்வளவு செலவு பண்ணிட்டு, ஒரு இடத்தை விடுறதா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். செலவு பண்ணின காசு போனது போனதுதான். இனிமே எடுக்கிற முடிவுக்கு அது காரணமாக முடியாது. அந்த நாட்டு ரோடே அப்பப்போ விட்டுக்கொடுக்குது. 1974-ல்தான் ரிங் ரோடு முழு வட்டமாச்சு. 1996-ல் வாட்னயோகுல் பனிப்படலத்துக்கு அடியில் எரிமலை வெடிச்சு, நவம்பரில் வெள்ளம் பாய்ஞ்சு, தென்பகுதிப் பாலங்களை உடைச்சுட்டுப் போச்சு. முறுக்கின இரும்பு உத்தரத்தை இப்பவும் ரோட்டோரம் பார்க்கலாம். 2011 ஜூலையிலும் மூலாக்விஸ்ல் ஆத்துப் பாலம் அடிச்சிட்டுப் போச்சு. பாலத்துக்கே சேஃப்டி மார்ஜின் பத்தாம போற இடத்துல, நம்ம பிளானில் ஒரு நாளாவது காலியா இருக்க வேண்டாமா? கடைசி ராத்திரி கெஃப்லவிக் ஏர்போர்ட்டுக்குப் பக்கத்திலேயே தங்குற மாதிரி வைங்க. காலையில் ரோடு நிலவரமும் வானிலை எச்சரிக்கையும் பார்க்காம சாவியைத் தொடாதீங்க.

குரூப்பில் ஓட்டத் தெரிஞ்சது ஒரே ஒருத்தர்னா, அவரை டிரைவர் வேலைக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. ரெய்க்யவிக்கிலிருந்து தென்கரைக்கு டூர் பஸ் இருக்கு. ஏறி உக்காந்தா அவரும் ஜன்னல் வழியா அருவியைப் பார்ப்பார்.

நம்ம நட்பில் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோடா" என்கிற வார்த்தைக்கு மதிப்பு ஜாஸ்தி. ஹாஸ்டல் ரூமில், மெஸ் சாப்பாட்டில் அது சரி. ஆனா "தூக்கம் வருது"ன்னு சொல்ற டிரைவர்கிட்ட அந்த வார்த்தையைச் சொல்றவர், தன்னோட உயிரையும் சேர்த்துதான் பந்தயம் வெக்கிறார். அதனால குரூப் ஆரம்பிச்சதும் முதல் மெசேஜா இதைப் போடுங்க: "ஓட்டுறவங்க போதும்னா போதும். காரணம் கேக்கக் கூடாது." இதுக்கு நாலு பேரும் கட்டைவிரல் காட்டின பிறகு மேப்பைத் திறங்க.