பெயர் எழுதப்படாத கற்கள்

நாட்டின் பொருட்டு உயிர் ஈந்த படைவீரருக்கு அந்நாடு ஆற்றவேண்டிய கடமைகளுள் எளியவை அனைத்தும் முதல் மூன்று நாள்களிலேயே முடிந்துவிடுகின்றன. மூவண்ணக் கொடி போர்த்திய பேழை ஊர் வந்து சேர்கிறது, அமைச்சரும் ஆட்சியரும் மலர்வளையம் வைக்கின்றனர், துப்பாக்கிகள் வானை நோக்கி முழங்குகின்றன, மடித்த கொடி மனைவியின் கையிலோ தாயின் கையிலோ ஒப்படைக்கப்படுகிறது, உதவித்தொகையும் அறிவிக்கப்படுகிறது. நான்காம் நாள் தொடங்கும் கடமையோ கடினமானது. அவர் யார், எவ்வூரார், எங்கே எப்படி மாண்டார் என்பதை, அவர் முகத்தைக் கண்டறியாத தலைமுறைக்கும் ஊர் சொல்லிவரவேண்டும். விருதுநகர் மாவட்டமும் அதைச் சூழ்ந்த கரிசல் நிலமும் இக்கடமையை எந்த அளவுக்கு ஆற்றியிருக்கின்றன என்று வினவுவது இன்று நம் பொறுப்பாகிறது.

தமிழர்க்கு இதனைப் பிறர் கற்பிக்கவேண்டியதில்லை. பட்ட வீரனுக்குக் கல் எடுப்பதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாக வகுத்து வைத்தது தொல்காப்பியம். அந்நெறி ஏட்டளவில் நின்றதன்று என்பதற்குச் சான்று நமக்கு அண்மையிலேயே கிடைத்தது. தேனி மாவட்டம் ஆண்டிப்பட்டியை அடுத்த புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட நடுகற்கள், ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட தமிழி எழுத்துகளைத் தாங்கி நிற்கின்றன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோள் பூசலில் பட்டவன் தீயன் அந்தவன் என்று பதிந்து வைத்திருக்கிறது. அவன் அரசனல்லன், படைத்தலைவன் என்பதற்கும் குறிப்பில்லை. ஒரு மாட்டுப் பூசலில் மாண்ட எளியவனின் பெயரும் பூசல் நிகழ்ந்த ஊரின் பெயரும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன என்றால், அதற்குக் காரணம் அவனுடைய ஊரார் உளி எடுத்ததுதான்.

இதற்கு நேர்மாறான ஒரு மரபும் நம் ஊர்களுக்குள் புகுந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ஆங்கில ஆட்சியினர் தமிழகத்தின் பல சிற்றூர்களில் பளிங்குப் பலகைகளைப் பதித்தனர். இவ்வூரிலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவருள் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்பதே அவற்றின் வாசகம். பெயர் எதுவும் இல்லை. ஊர்ச்சாவடிச் சுவரிலோ பள்ளிச் சுவரிலோ பதிந்த அப்பலகையை நூறாண்டுகளாகக் கடந்து செல்லும் மக்களுக்கு, அந்த எண்ணுக்குள் தம் முப்பாட்டன் அடங்கியிருக்கிறாரா என்பதை அறிய வழியில்லை.

கடல் கடந்த இடங்களில் இப்பிழை இன்னும் பெரிதாக நிகழ்ந்தது. மெசபடோமியப் போர்முனையில் மாண்டோருக்காக ஈராக்கில் எழுப்பப்பட்ட பஸ்ரா நினைவகத்தில், பிரித்தானியப் படைஞர் பெயர் பெயராகப் பொறிக்கப்பட்டனர். இந்தியச் சிப்பாய்களோ படைப்பிரிவுவாரியாக வெறும் எண்ணிக்கையாக எழுதப்பட்டனர். சென்னை மாகாணத்துச் சாப்பர் படையினர் பணியாற்றிய போர்முனை அது. அந்நினைவகங்களைப் பேணும் பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையமே 2021-இல் வெளியிட்ட அறிக்கையில், ஆசிய, ஆப்பிரிக்க நாட்டவருள் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சுட்டியோ, எவ்வகையிலுமோ நினைவுகூரப்படவில்லை என ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. ஒப்புதல் வர ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அதற்குள் அப்பெயர்களைச் சொல்லக்கூடியவர் எவரும் உயிரோடு இல்லை.

பெயரைக் காக்கும் கலையில் விளையாட்டுலகம் நாடுகளைவிட ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறது என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்ட் ஆட்டத்தில் இந்தியாவுக்கு எதிராகப் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்திய இங்கிலாந்தின் ஹெட்லி வெரிட்டி, 1943-இல் சிசிலிப் போர்க்களத்தில் படுகாயமுற்றுச் சிறைப்பட்டு, இத்தாலியின் கசெர்ட்டாவில் இறந்தார். முதல் உலகப் போரில் மாண்ட கென்ட் அணியின் காலின் பிளைத்துக்கு அவர் ஆடிய கேண்டர்பரி மைதானத்திலேயே நினைவுச்சின்னம் நிற்கிறது. இத்தகையோரின் பெயர்கள் மறையாமல் இருப்பதற்கு, போர் நடந்த ஆண்டுகளிலும் இடைவிடாது வெளிவந்த விஸ்டன் ஆண்டு மலரும், ஆடுகளத்தைப் பேணிய மன்றங்களும் பெரிதும் காரணம். நம் நாட்டிலும் அத்தகையோர் உண்டு. 1995-இல் தில்லியில் நடந்த காமன்வெல்த் துப்பாக்கி சுடும் போட்டியில் தங்கமும் வெள்ளியும் வென்ற சுபேதார் ஃபதே சிங், 2016 சனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தின் மீது நடந்த தாக்குதலில் உயிரிழந்தார். அவர் இறந்த பிறகே அவர் வென்ற பதக்கங்களை நாட்டினர் பலரும் அறிந்தனர் என்பது நமக்குப் பெருமை தருவதன்று.

பதக்கம் வென்றோரின் நிலையே இதுவென்றால், பதக்கமேடை ஏறாதோரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. சாத்தூரிலிருந்து சிவகாசி செல்லும் வழியிலும், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்க் கரைகளிலும், பட்டாசு ஆலைக்குப் பெண்களை ஏற்றிச்செல்லும் வேன்கள் புறப்படும் முன்னரே இளைஞர் சிலர் ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். 1,600 மீட்டரை ஐந்து நிமிடம் முப்பது வினாடிக்குள் ஓடி முடித்தால்தான் படைத்தேர்வில் முழு மதிப்பெண். கம்பியில் பத்து முறை உடலைத் தூக்கி எழவேண்டும். ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டவேண்டும். பயிற்றுநர் இல்லை, ஓடுதளம் இல்லை. பலருக்குக் காலணியும் முந்தின ஆண்டு தேறிச் சென்ற அண்ணன் விட்டுச்சென்றது. பள்ளி நாள்களில் கபடி ஆடியவரும் மாவட்டப் போட்டியில் ஓடியவரும் இவ்வாறே படைக்குள் நுழைகின்றனர். இம்மண்ணின் படைவீரர், சீருடை அணிவதற்கு முன் ஓட்டவீரராகவே இருந்திருக்கிறார்.

அவ்வாறு சென்றோருள் சிலர் திரும்பவில்லை. இராமேசுவரத்தில் பிறந்த மேஜர் சரவணன் 1999 மே 29-இல் கார்கில் போரின் படாலிக் முனையில் வீழ்ந்தார். அவருக்குத் திருச்சியில் நினைவுச்சின்னம் உண்டு. 2016 பிப்ரவரி 3-இல் சியாச்சின் பனிச்சரிவில் புதைந்த மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர் பத்துப் பேருள் ஏழுமலை, குமார், கணேசன், இராமமூர்த்தி என்னும் நால்வர் தமிழகத்துச் சிற்றூரினர். 2019 பிப்ரவரி 14-இல் புல்வாமாவில் மாண்ட மத்திய ரிசர்வ் காவல் படையினர் நாற்பதின்மருள் ஒருவர், நம் மாவட்ட எல்லைக்கு அப்பால் கோவில்பட்டிப் பக்கத்துச் சவலாப்பேரியைச் சேர்ந்த சுப்பிரமணியன். 2020 சூன் 15-இல் கல்வானில் வீழ்ந்த அவில்தார் பழனி, 1985 வரை நாமும் அங்கமாயிருந்த இராமநாதபுரம் மாவட்டத்தின் கடுக்கலூரினர். வீர் சக்ரா விருது அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. இப்பெயர்களுள் எத்தனையை இங்குள்ள பள்ளி மாணவர் ஒருவர் சொல்லக்கூடும்?

தில்லியில் 2019 பிப்ரவரி 25-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகம், விடுதலைக்குப் பின் மாண்ட இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களைக் கருங்கற்களில் பொறித்திருக்கிறது. எழுபதாண்டுக் காலம் தாழ்ந்து வந்தாலும் அது உரிய செயல். நாம் அதை மனமாரப் போற்றுகிறோம். ஆயினும் ஈராயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் கல்லைத் தடவிப் பார்க்க இங்குள்ள தாய் ஒருத்தி எத்தனை முறை செல்ல இயலும்? மேலும், புல்வாமாவில் மாண்டோர் காவல் படையினர் ஆதலால் அவர்க்குரிய நினைவகம் வேறு. நான்காண்டு ஒப்பந்தத்தில் சேரும் அக்னிவீரர் களத்தில் இறந்தால், காப்பீடும் கருணைத்தொகையும் குடும்பத்துக்குக் கிடைக்கும். நிலையான படைஞரின் குடும்பத்துக்குரிய ஓய்வூதியம் கிடைக்காது. அரசு தன் கணக்குக்காக வகுத்த இப்பிரிவுகள் ஊரின் நினைவுக்குள் நுழைய இடந்தரலாகாது. ஊருக்கு எல்லாரும் மகன்மாரே.

எண்ணிக்கையோடு நின்றுவிடும் வழக்கம் இம்மாவட்டத்தில் ஆழ வேரூன்றியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். அந்த எண் இன்றும் பலர் நினைவிலிருக்கிறது. அவர்களுள் ஒருவரது பெயரேனும் பொதுநினைவில் இல்லை. படைப்பணியில் இறப்பதும் பிழைப்புக்காக உழைத்து இறப்பதும் வேறு வேறு என்பதை நாம் அறிவோம். ஆனால் இறந்தவரை எண்ணோடு விட்டுவிடும் மனம் இரண்டிடத்தும் ஒன்றே. ஓரிடத்தில் திருந்தினால் மற்றோரிடத்திலும் அது திருந்தும் என்று நம்புகிறோம்.

திருத்தத்துக்கான கருவி சிவகாசியின் கையிலேயே இருக்கிறது. நாட்டின் சுவர்களில் தொங்கும் நாள்காட்டிகளுள் பெரும்பங்கு அச்சாவது இங்கேதான். இராகு காலமும் எமகண்டமும் சந்திராட்டமமும் தவறாமல் இடம்பெறும் தினத்தாளில், அந்நாளில் வீழ்ந்த வீரர் ஒருவரின் பெயருக்கும் ஊருக்கும் ஒரு வரி ஒதுக்குவது அச்சக உரிமையாளருக்குப் பெருஞ்செலவன்று. காலையில் தாளைக் கிழிக்கும் கை அப்பெயரைப் படித்தே தீரும்.

அதற்கு முதலில் பட்டியல் வேண்டும். வரும் திசம்பர் 7, கொடிநாளன்று, வழக்கம்போல் உண்டியலில் நிதி திரட்டுவதோடு நில்லாமல், மாவட்ட ஆட்சியரும் முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் ஊர்வாரியாகப் பெயர் திரட்டும் பணியைத் தொடங்கவேண்டும். படை, துணைப்படை, அக்னிவீரர் என்ற வேறுபாடின்றி அனைவரும் அதில் இடம்பெறவேண்டும். பளிங்குப் பலகை உள்ள ஊர்களில், அந்த எண்ணுக்குள் மறைந்தோரின் பெயர்களைப் படை ஆவணங்களில் தேடும் பொறுப்பை வரலாற்றுத் துறை உள்ள கல்லூரிகள் ஏற்கவேண்டும். ஒவ்வொருவரின் பெயரும் அவர் படித்த பள்ளியின் விளையாட்டுத் திடலில், பிள்ளைகள் ஓடத் தொடங்கும் கோட்டருகே, கல்லில் பொறிக்கப்படவேண்டும். அடுத்த ஆண்டு நாள்காட்டிக்கான மாதிரித் தொகுப்புகளை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது சிவகாசி அச்சகங்களின் வழக்கம் ஆதலால், பட்டியல் ஆனித் திங்களுக்குள் அவர்கள் கைக்குச் சேர்ந்தாகவேண்டும்.