மேல் சேம்பரும் பரங்கிமலையும்

போன வாரம் பல்லாவரம் பஸ் ஸ்டாப்பில் ஒரு தம்பி ஓடி வந்து பிடித்துக்கொண்டான். என்.சி.சி. ஏர் விங், செகண்ட் இயர். ''அண்ணா, நீங்களும் ஏர் விங்தானாமே? 'பி' சர்ட்டிஃபிகேட் எக்ஸாம் வருது. டிரில், வெப்பன் டிரெய்னிங் எல்லாம் ஓகே. இந்த ஏரோ சப்ஜெக்ட்தான் மண்டையில ஏற மாட்டேங்குது. நோட்ஸ் இருந்தா குடுங்கண்ணா!''

நோட்ஸ்! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏன்னு சொல்றேன்.

நான் படித்தது பி.காம். ஏர் விங்கில் சேர்ந்ததற்குப் பெரிய தேசபக்திக் காரணமெல்லாம் கிடையாது. நீலச் சட்டை பிடித்திருந்தது. பரேடு முடிந்ததும் கொடுக்கிற பூரி அதைவிடப் பிடித்திருந்தது. சனிக்கிழமை காலையில் வெயிலில் 'தாயேன் முட்' போட்டுவிட்டு, தட்டோடு வரிசையில் நிற்கிற சுகம் இருக்கே... அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும் பாஸ்.

'பி' சர்ட்டிஃபிகேட் வந்தபோதுதான் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்த்தேன். பிரின்சிபிள்ஸ் ஆஃப் ஃப்ளைட், ஏரோ என்ஜின், நேவிகேஷன், மெட்டீரியாலஜி, ஏர்மன்ஷிப். காமர்ஸ் குரூப்பில் டெபிட், கிரெடிட் என்று நிம்மதியாக இருந்தவனுக்கு இதெல்லாம் செவ்வாய் கிரகத்துப் பாஷை. காப்பாற்ற வந்தது செராக்ஸ் நோட்ஸ். எந்த சீனியர் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. செராக்ஸுக்கு செராக்ஸ், அதற்கும் செராக்ஸ் எடுத்து, எங்கள் பேட்ச்சுக்கு வந்தபோது பாதி எழுத்து கொசு செத்துக் கிடந்த மாதிரி இருந்தது. அதை அப்படியே உருப்போட்டேன். உருப்போடுவதில் நான் கில்லி.

எழுத்துத் தேர்வு போனதே தெரியவில்லை. பிராக்டிகலில் மாட்டினேன். எதிரே ஒரு விங் கமாண்டர். அவர் இங்கிலீஷில் கேட்டதைத் தமிழில் சொல்றேன்.

''விமானம் எப்படிப் பறக்கிறது?''

நான் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். இறக்கையின் மேல் பக்கம் வளைந்திருக்கும். அதுதான் அப்பர் சேம்பர். மேலே போகிற காற்றுக்குத் தூரம் அதிகம். கீழே போகிற காற்றும் மேலே போகிற காற்றும் பின்பக்கம் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். அதனால் மேல் காற்று வேகமாகப் போகும், அழுத்தம் குறையும், பெர்னூலி தத்துவம், சார்!

''என்ன சேம்பர்?''

''அப்பர் சேம்பர், சார்.''

''எந்த டிபார்ட்மென்ட் நீ?''

''காமர்ஸ், சார்.''

''அதான். சேம்பர் ஆஃப் காமர்ஸ்!''

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அது 'கேம்பர்'. இறக்கையின் வளைவுக்குப் பெயர். எந்தக் காலத்திலோ ஒரு சீனியரின் பேனா சறுக்கி 'சேம்பர்' ஆகி, வருஷா வருஷம் எல்லா பேட்ச்சும் சேம்பர் என்றே எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ''ரெண்டு காற்றும் ஒரே நேரத்தில் போய்ச் சேரணும்னு யார் சொன்னது? பிரியும்போது டைம் பேசி வெச்சுக்கிட்டாங்களா?'' என்றார். அதுவும் போதாதென்று, ''உன் கதைப்படி வளைந்த பக்கம் மேலே இருந்தால்தான் பறக்கும். சூர்யகிரண் டீம் தலைகீழாகப் பறக்கிறார்களே, அது எப்படி?'' என்றார்.

எனக்குத் தெரியவில்லை. சர்ட்டிஃபிகேட் வந்தது, 'சி' கிரேடோடு.

அடுத்த வருஷம் 'சி' சர்ட்டிஃபிகேட். இந்த முறை ஸ்குவாட்ரன் தோழி ஒருத்தி கையில் மாட்டினேன். பி.எஸ்சி. ஃபிசிக்ஸ். ஃப்ளையிங் பிராஞ்ச் தவிர வேறு நினைப்பே இல்லாதவள். முதல் வேலையாக என் நோட்ஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். ''பஸ்ல ஏறுடா, பாடம் அங்கதான்'' என்றாள்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் டவுன் பஸ், ஜன்னல் சீட். 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்று எழுதியிருந்ததுக்குக் கீழேயே உட்கார்ந்து என் கரத்தை நீட்டச் சொன்னாள். (நீங்க செய்யாதீங்க. டூவீலரில் பின்னாடி உட்கார்ந்து, ரோடு காலியாக இருக்கிறப்ப செஞ்சு பாருங்க.) உள்ளங்கையைத் தரையைப் பார்க்கிற மாதிரி தட்டையாக வைத்தால் ஒன்றும் நடக்காது. முன்விளிம்பை லேசாக மேலே சாய்த்தால் கை தானாக மேலே ஏறுகிறது. அந்தச் சாய்வுதான் ஆங்கிள் ஆஃப் அட்டாக். கை காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று கையை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாவது விதி, அவ்வளவுதான். பெர்னூலி பொய்யா? இல்லை. மேலே போகிற காற்று நிஜமாகவே வேகமாகப் போகிறது, அழுத்தமும் குறைகிறது. பொய் என்னவென்றால் அந்த 'ஒரே நேரத்தில் போய்ச் சேரணும்' என்கிற கதை. சேராது. மேல் காற்று முன்னாடியே போய்விடும். நியூட்டனும் பெர்னூலியும் ஒரே விஷயத்தை ரெண்டு பக்கத்திலிருந்து சொல்கிறார்கள்.

தலைகீழாகப் பறப்பதும் இப்போது புரிந்துவிட்டது. கவிழ்ந்த நிலையிலும் மூக்கைத் தேவையான அளவு தூக்கி வைத்தால் சாய்வு கிடைக்கும். சாய்வு கிடைத்தால் லிஃப்ட் கிடைக்கும். ஒரு வருஷமாக அவமானமாக இருந்த கேள்வி, குரோம்பேட்டை சிக்னல் வருவதற்குள் தீர்ந்துபோச்சு.

''இன்னும் சாய்ச்சுக்கிட்டே போ'' என்றாள். சாய்த்தேன். ஒரு கட்டத்துக்கு மேல் கை ஏறவில்லை, பின்னாடி அடித்துக்கொண்டு போனது. அதுதான் ஸ்டால். சாதாரண இறக்கைக்குச் சுமார் 15 டிகிரியைத் தாண்டினால் மேல்பரப்பைத் தழுவிக்கொண்டு போகிற காற்று பிய்ந்துகொண்டு சிதறிவிடும், லிஃப்ட் சரிந்துவிடும். மீள வழி மூக்கை இறக்குவது. கீழே விழுந்துகொண்டிருக்கும்போது மூக்கைக் கீழே இறக்கணும்! மனசு ஒப்புக்கொள்ளாத விஷயம் இது.

நோட்ஸில் இது இரண்டு மார்க் கேள்வி. அது இரண்டு மார்க் சமாச்சாரம் இல்லை என்று எனக்குப் புரிய வைத்தது 2009 ஜூன் 1. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் கிளம்பிய ஏர் பிரான்ஸ் 447, ஏர்பஸ் ஏ330. அட்லாண்டிக் மேலே பிட்டோ ட்யூபை ஐஸ் துகள்கள் அடைத்தன. பிட்டோ ட்யூப் என்பது வேகத்தைக் காட்டும் கருவிக்குக் காற்றைக் கொண்டுபோகிற சின்னக் குழாய். வேகக் கணக்கு குழம்பியதும் ஆட்டோ பைலட் தானாக விலகிக்கொண்டது. இருட்டு, குழப்பம். விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் மூக்கை மேலே இழுத்தார். ஸ்டால் எச்சரிக்கை காக்பிட்டில் திரும்பத் திரும்ப ஒலித்தது. சுமார் 38,000 அடியிலிருந்து கடலைத் தொட நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. 228 பேர். ஓட்டியவர்கள் எல்லோரும் ஸ்டால் என்றால் என்ன என்று பரீட்சை எழுதித் தேறியவர்கள். அவர்களைக் குறை சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனால் அதைப் படித்த நாளிலிருந்து 'டிஃபைன் ஸ்டால்' என்கிற கேள்வியைப் பார்த்தால் பேனா கொஞ்சம் நின்றுதான் எழுதுகிறது.

மெட்டீரியாலஜியை அவள் மொட்டை மாடியில் நடத்தினாள். உயரம் கூடக்கூட வெப்பம் குறையும், ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி. மேட்டுப்பாளையத்தில் வேர்த்துக் கொட்டியவன் ஊட்டியில் ஸ்வெட்டர் தேடுவது இதனால்தான். நடுவில் சுமார் 1,900 மீட்டர் ஏறுகிறோம், கணக்குப்படி 12 டிகிரி குறையணும். ரன்வே நம்பர்? மாக்னெட்டிக் திசையை 10-ஆல் வகுத்து முழு எண்ணாக்கு. சென்னை மெயின் ரன்வே 07/25. ஒரு முனையிலிருந்து பார்த்தால் 70 டிகிரி, எதிர் முனையிலிருந்து 250. மதுரையும் திருச்சியும் 09/27, கோவை 05/23. ஏறுவதும் இறங்குவதும் எதிர்க்காற்றில். வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கிறப்ப விமானம் மேற்கிலிருந்து வந்து 07-ல் இறங்கும். காற்று திரும்பினால் கிண்டி பக்கமிருந்து வந்து 25-ல் இறங்கும். இதற்குப் பிறகு நான் விமானத்தை நிமிர்ந்து பார்த்தாலே காற்று எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவேன். பக்கத்து வீட்டு மாமி வடாம் காயப்போடுவதற்கு என்னிடம்தான் கேட்பார்!

எனக்குக் கடைசி வரை டிமிக்கி கொடுத்தது ஆல்ட்டிமீட்டர். அது உயரத்தை அளக்கிறதே இல்லை பாஸ். காற்றழுத்தத்தை அளந்து உயரம் என்று சொல்கிறது. ஸ்டாண்டர்ட் அழுத்தம் கடல் மட்டத்தில் 1013.25 ஹெக்டோபாஸ்கல். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, சென்னையில் அழுத்தம் 1003 என்று வையுங்கள். பைலட் புது அளவுக்கு மாற்றாமல் 1013-லேயே விட்டுவிட்டார். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 30 அடி. பத்துக்கு 300 அடி. விமானம் இருக்கிற இடத்தைவிட 300 அடி மேலே இருப்பதாகக் கருவி காட்டும். அவள் தெற்கே ஏர்போர்ட்டைக் காட்டினாள், அப்புறம் அதன் பக்கத்திலேயே நிற்கிற பரங்கிமலையைக் காட்டினாள். ''அது எவ்வளவு உயரம் தெரியுமா? ஏறக்குறைய 300 அடி.''

'சி' சர்ட்டிஃபிகேட்டில் எனக்கு 'ஏ' கிரேடு. ஆனால் அதை வைத்துப் பைலட் ஆக முடியாது என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. விமானப்படையில் என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி என்று ஒன்று உண்டு. ஏர் விங் 'சி' சர்ட்டிஃபிகேட் இருந்தால் ஃப்ளையிங் பிராஞ்சுக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே ஏ.எஃப்.எஸ்.பி. இன்டர்வியூ. ஆனால் ப்ளஸ் டூ-வில் மேத்ஸ், ஃபிசிக்ஸ் படித்திருக்கணும். காமர்ஸ் குரூப்புக்குக் கதவு கிடையாது. மூன்று வருஷத்தில் இதை ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஃபர்ஸ்ட் இயர் ஏர் விங் மக்களே, பூரி சாப்பிடுகிற கேப்பில் அந்தத் தகுதிப் பக்கத்தை ஒருமுறை படிச்சுடுங்க.

அவளுக்குத் தகுதி எல்லாம் இருந்தது. அங்கே சி.பி.எஸ்.எஸ். என்று பைலட் ஆப்டிட்யூட் டெஸ்ட். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். தவறினால் ஃப்ளையிங் கனவை மூட்டை கட்ட வேண்டியதுதான். அவள் அதைத் தாண்டினாள். இன்டர்வியூவையும் தாண்டினாள். மெடிக்கலில் கண் காலை வாரியது. தாம்பரத்தில் ரயிலைவிட்டு இறங்கியவள் ரெண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. இப்போது ஓர் ஏர்லைன்ஸில் ஃப்ளைட் டிஸ்பேட்சர். எந்த விமானத்துக்கு எத்தனை டன் எரிபொருள், இறங்க முடியாமல் போனால் அடுத்து எந்த ஊர் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. புயல் நாட்களில் போன் எடுக்க மாட்டாள்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருவோம். அவனை வீட்டுக்குக் கூட்டிப்போய் அந்தப் பழைய செராக்ஸைத் தேடிக் கொடுத்தேன். ''இதுல நிறையத் தப்பு இருக்கு. ஒண்ணு விடாம கண்டுபிடிச்சுட்டு வா'' என்று அனுப்பினேன். முறைத்துக்கொண்டுதான் போனான்.

நேற்று ராத்திரி பத்தரைக்கு போன். ''அண்ணா, மொத்தம் பதினோரு தப்பு. சேம்பர் சூப்பர்ணா! அப்புறம் ஒன்பதாம் பக்கத்துல ஸ்டாண்டர்ட் பிரஷர் 1031-னு போட்டிருக்கு. அது 1013 தானே?''

எடுத்துப் பார்க்க நோட்ஸ் என் கையில் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தை 'பி' சர்ட்டிஃபிகேட்டுக்கு ஐம்பது தடவையாவது படித்திருப்பேன். ஒரு தடவைகூட என் கண்ணில் படவில்லை.

''18 வித்தியாசம்ணா'' என்றான் அவனே. ''சுமார் 500 அடி தப்பாக் காட்டும். பரங்கிமலையவிட ஜாஸ்தி!''