உடன்நிற்கும் செல்லும் நீட்டிய கரமும்



கடந்த ஞாயிறு ஆராதனையில், ஒருவரையொருவர் சமாதானம் கூறி வாழ்த்தும் வேளையில், பீடத்தருகே நின்று நான் கண்ட காட்சி வாரம் முழுவதும் என் உள்ளத்தை வருத்தியது. சுற்றுக் கிராமம் ஒன்றிலிருந்து பேருந்தேறிப் புதுக்கோட்டைக்கு வந்து, கடைசி வரிசையில் அமரும் பெரியவர் ஒருவர் தம் கரத்தை நீட்டினார். விரல்கள் மடங்கிப்போன கரம் அது. அருகிலிருந்தோர் கைகூப்பிவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். நீட்டிய கரம் மெல்லத் துண்டுக்குள் மறைந்தது. அவர்களைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. திருவிருந்தின்போது அந்த உள்ளங்கையில் அப்பத்தை வைக்கையில் என் விரல்களும் ஒரு கணம் தயங்கின.

அந்த விரல்கள் மடங்கிய காரணத்தை நாம் அறிய வேண்டும். நரம்பு தசையைத் தொடும் இடத்தில், கட்டளையிடும் நரம்பும் கீழ்ப்படியும் தசையும் மட்டுமே இருப்பதாக எண்ணுகிறோம். அங்கே மூன்றாவதாக ஒரு துணையும் உண்டு. ஷ்வான் செல்கள் எனப்படும் சில செல்கள் அந்தச் சந்திப்பைப் போர்த்தி நிற்கின்றன. இவை 'கிளியா' என்னும் இனத்தைச் சேர்ந்தவை. கிரேக்க மொழியில் அதற்குப் பசை என்று பொருள். நெடுங்காலம் இவற்றை வெறும் பசையாகவே கருதினார்கள். ஆனால் நரம்பு அறுபட்டு அதன் நுனி சிதையும்போதும் இவை இடம்விட்டு அகலுவதில்லை. சிதைவுகளை நீக்கி, தம் கிளைகளை நீட்டி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளர்ந்துவரும் நரம்பைப் பழைய இடத்துக்கு வழிநடத்துகின்றன.

நரம்பின் நெடுகிலும் அதைச் சூழ்ந்திருப்பவையும் ஷ்வான் செல்களே. தொழுநோய்க் கிருமி குடிகொள்வது இவற்றில்தான். துணை கெடவே நரம்பும் கெடுகிறது, உணர்வு அகலுகிறது, தசை சோர்ந்து விரல்கள் மடங்குகின்றன. 1914-இல் கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட், நோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகுவதில்லை என்றும், வலி தெரியாததால் நேரும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்றும் எடுத்துக்காட்டினார். நலமாயுள்ள தசையின் நாணைச் செயலிழந்த விரல்களுக்கு மாற்றி இணைத்து, மடங்கிய கைகளை மீண்டும் உழைக்கச் செய்தார்.

இன்று கூட்டு மருந்துச் சிகிச்சை 6 அல்லது 12 மாதங்களில் கிருமியை ஒழிக்கிறது. நம் பெரியவர் அதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே முடித்தவர். அவரிடமிருந்து எவருக்கும் நோய் பரவாது. எனினும் மாண்ட நரம்பை மருந்து உயிர்ப்பிப்பதில்லை. ஆகையால் நோய் போயிற்று, விரல் நிமிரவில்லை, நம் அச்சமும் தீரவில்லை.

"அவருக்காக ஜெபிக்கிறோமே, உதவியும் செய்கிறோமே" என்பீர்கள். நல்லதுதான். ஆனால் துணைச் செல் தூரத்தில் நின்று உதவுவதில்லை, தொட்டுக்கொண்டு நிற்கிறது. சபையைச் சரீரத்துக்கு ஒப்பிட்ட பவுல் அப்போஸ்தலன், பலவீனமாய்க் காணப்படும் அவயவங்களே மிகவும் தேவையானவை என்று கொரிந்தியருக்கு உணர்த்தினார்.

இதில் நம் பொறுப்பு இன்னும் பெரிது. கடைசி வரிசையில் நடப்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். தன் உடலில் உணர்ச்சியற்ற தேமல் ஒன்றைக் கண்ட இளைஞன், நாம் முகம் திருப்புவதைக் கண்டால் அதை மறைப்பான். மறைக்கும் மாதங்களில் அவன் நரம்பு சாகும். அப்படியானால் அந்த நரம்பைக் கொன்றதில் நம் பங்கும் உண்டு. அப்படிப்பட்ட தேமல் உங்களில் யாருக்கேனும் இருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே செல்லுங்கள், சிகிச்சை இலவசம். தனியே செல்லத் தயங்கினால் என்னை அழையுங்கள், உடன் வருகிறேன்.

வரும் ஞாயிறு சமாதான வாழ்த்தின்போது நான் பீடத்திலிருந்து இறங்கி முதலில் கடைசி வரிசைக்குச் செல்வேன். நீங்களும் வாருங்கள். குஷ்டரோகியைத் தம் கரம் நீட்டித் தொட்ட கர்த்தர், நம் கரங்களின் தயக்கத்தை நீக்குவாராக. ஆமென்.