கையில் இருக்கும் கருவிக்கு நன்றி செலுத்துவோம்

வல்ல நாயன் மனிதனுக்கு வழங்கியுள்ள அருட்கொடைகளை எண்ணி முடிக்க எவராலும் இயலாது. ஆயினும் மனித மனத்தின் இயல்பு விந்தையானது. தன்னிடம் இல்லாத ஒன்றை அது நாள்தோறும் எண்ணிப் பார்க்கும். இருக்கின்ற நூறு பொருள்களை ஆண்டுக்கு ஒருமுறைகூட எண்ணிப் பாராது. இக்குறை செல்வரிடமும் உண்டு, ஏழையிடமும் உண்டு. கல்லாதவரிடம் மட்டுமன்று, கற்றவரிடமும் உண்டு.

சில மாதங்களுக்கு முன் தூத்துக்குடியில் ஒரு பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகையை நிறைவேற்றிவிட்டு அமர்ந்திருந்தேன். இளைஞர் ஒருவர் ஸலாம் உரைத்து அருகில் வந்தமர்ந்தார். நிக்காஹ், வலீமா முதலிய வைபவங்களுக்குப் புகைப்படம் எடுப்பது அவருடைய தொழில். “ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்” என்று தொடங்கினார். “புதிய கேமரா ஒன்று வாங்க விரும்புகிறேன். உம்மா தங்கள் வளையல்களைக் கொடுக்க இசைந்துவிட்டார்கள். அடகு வைத்தாலும் வட்டி. மாதத் தவணையில் வாங்கினாலும் வட்டி. தொழிலுக்காகத்தானே! இதை நிர்ப்பந்தம் என்று எடுத்துக்கொள்ளலாமா?”

“தம்பி, இப்போது உங்களிடம் உள்ள கேமரா பழுதாகிவிட்டதா?” என்று வினவினேன்.

“இல்லை, ஹஜ்ரத். வேலை செய்கிறது. ஆனால் வாங்கி ஐந்து வருடமாயிற்று. கூடத் தொழில் செய்கிறவர்கள் எல்லாரும் புதியதற்கு மாறிவிட்டார்கள். அவர்களுடைய படங்களைப் பார்த்துவிட்டு என் படங்களைப் பார்த்தால் எனக்கே மங்கலாகத் தெரிகிறது.”

விடை கூற ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அதற்குள் ஒரு காரியம் செய்யும்படியும் சொன்னேன். அது என்னவென்பதைப் பின்னர் கூறுகிறேன்.

நிழற்படம் கூடுமா, கூடாதா என்ற சட்ட விவாதத்துள் நான் இங்கு நுழையவில்லை. ஹஜ்ஜுக்குச் செல்பவரும் கடவுச்சீட்டுக்காகப் படம் எடுத்தே ஆகவேண்டிய காலம் இது. அந்த இளைஞரின் கேள்வி கேமராவைப் பற்றியதன்று, மனத்தைப் பற்றியது. அதனால்தான் அது என்னை உறுத்தியது. ஏனெனில் அதே நோய் எனக்கும் உண்டு.

ஆம், மறைப்பானேன்? ஸஹீஹுல் புகாரியின் பெரும் விரிவுரை ஒன்று என் அலமாரியில் மூன்று பதிப்புகளாக இருக்கிறது. முதலில் வாங்கியதில் இரண்டாம் பாகத்தைத் தாண்டி நான் ஒழுங்காகப் படித்ததில்லை. எழுத்து தெளிவாக இருக்கிறது என்று பெய்ரூத் பதிப்பு ஒன்றை வாங்கினேன். அடிக்குறிப்புகள் நிறைய உள்ளன என்று பின்னர் மற்றொன்றை வாங்கினேன். எனக்குப் பாடம் போதித்த உஸ்தாதிடம் அதே நூலின் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. முதுகு கிழிந்தபோதெல்லாம் பசை காய்ச்சித் தாமே ஒட்டுவார்கள். ஓரங்களில் அவர்கள் எழுதிய குறிப்புகள் நிறைந்திருந்தன. என் மூன்று பதிப்புகளின் ஓரங்களும் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. கித்தாபு அவர்களிடம் ஒன்று, என்னிடம் மூன்று. இல்மு யாரிடம் இருந்தது?

இந்தக் கடற்கரையே நமக்குப் பாடம் புகட்டப் போதுமானது. கொற்கைக் காலந்தொட்டு உலகெங்கும் புகழ்பெற்ற முத்து இந்த மன்னார் வளைகுடாவிலிருந்துதான் சென்றது. அம்முத்தை எடுத்துத் தந்தவர்கள் கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் முஸ்லிம்களும், தூத்துக்குடியைச் சுற்றியுள்ள பரதவ மக்களும் ஆவர். அவர்களிடம் இருந்த கருவிகள் யாவை? ஒரு கல், ஒரு கயிறு, ஒரு வலைப்பை. அவ்வளவே! கல்லில் காலை ஊன்றி அடித்தளத்தை அடைந்து, ஒரு நிமிடமோ சற்றுக் கூடுதலோ மூச்சடக்கிச் சிப்பிகளை வாரிப் பையிலிட்டு, கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். அரபு நாட்டிலிருந்து வந்த குளியாளிகள் கொம்பால் ஆன கவ்வியை மூக்கில் மாட்டிக்கொள்வார்கள். நம்மவர்களோ விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்கள். கவ்வி இல்லையே என்று எவரும் கரையில் அமர்ந்துவிடவில்லை.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருக்கவேண்டும் என்று இக்கரையில் வழக்கமாகச் சொல்வார்கள். தங்கை விதவையாகிவிடக் கூடாதே என்று அவர் கண்ணிமைக்காமல் கயிற்றைப் பார்த்திருப்பார் என்பது அதன் கருத்து. அந்தக் குளியாளி தேடியது விலையுயர்ந்த கயிற்றையன்று. அறுந்துபோகாத கயிற்றையும் அதைப் பிடிக்க நம்பிக்கையான ஒரு கையையும்தான்.

முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்ததுமில்லை. அரசாங்கத்தார் பார்களை முன்கூட்டியே சோதிப்பார்கள். மாதிரிச் சிப்பிகளை எடுத்து முத்தை மதிப்பிடுவார்கள். சிப்பி முதிர்ந்திருந்தால்தான் குளிக்க அனுமதிப்பார்கள். பல ஆண்டுகள் குளிப்பே இல்லாமல் கழியும். தூத்துக்குடிப் பார்களில் 1955 முதல் நடந்துவந்த முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. பின்னர் 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் இதே தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கே கடலும் கொடுக்கிறது.

காத்திருக்கத் தெரியாமல் மேலும் மேலும் என்று தாவியவர்களின் வரலாறு எதிர்க்கரையில் இருக்கிறது. இதே வளைகுடாவின் இலங்கைப் பார்களில் 1905-ஆம் ஆண்டு ஏறத்தாழ எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவ்வளவு பெரிய விளைச்சலைக் கண்ட முதலாளிகளுக்கு அது போதவில்லை. மறு ஆண்டே, 1906-இல், கம்பெனி ஒன்று அப்பார்களை 20 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தது. பணமும் இருந்தது, புதிய முறைகளும் இருந்தன. ஆனால் 1907-க்குப் பின் குளிப்பதற்குச் சிப்பி இல்லை. 1912-இல் கம்பெனியே கலைக்கப்பட்டது. எட்டுக் கோடியில் கிடைக்காத நிறைவு வேறு எந்த எண்ணிக்கையில் கிடைத்திருக்கும்?

திருக்குர்ஆனின் 102-ஆம் அத்தியாயத்தின் பெயரே ‘அத்தகாஸுர்’ என்பதாகும். ஒருவரையொருவர் விஞ்சிப் பெருக்கிக்கொள்ளும் போட்டி என்பது அதன் பொருள். எட்டே வசனங்கள்தாம். அப்போட்டி கப்றுவரை மனிதனை விடுவதில்லை என்ற எச்சரிக்கையில் தொடங்கி, அனுபவித்த அருட்கொடைகளைப் பற்றி மறுமையில் விசாரணை உண்டு என்ற அறிவிப்பில் அது முடிகிறது. கவனியுங்கள்! வாங்காத கேமராவைப் பற்றி விசாரணை இல்லை. கையிலிருந்த கேமராவை என்ன செய்தாய் என்பதே கேள்வி.

புகைப்படக் கலையின் வரலாறும் இதையே மொழிகிறது. ‘கேமரா’ என்ற சொல் அரபியிலிருந்து வந்தது என்று நம் மேடைகளில் சிலர் முழங்குவதுண்டு. அது சரியன்று, அறை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே அதன் மூலம். நம்முடையதல்லாத பெருமைக்கு ஆசைப்படுவதும் போதாமை நோயின் ஒரு வகையே. உள்ள பெருமையே நமக்குப் போதும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் ஒளியின் இயல்பை ஆராய்ந்து ‘கித்தாபுல் மனாளிர்’ என்னும் பெருநூலை இயற்றினார். சிறு துளையின் வழியே புகும் ஒளி கிரகணச் சூரியனின் வடிவை எவ்வாறு காட்டுகிறது என்று தனியே ஒரு நூலும் எழுதினார். ஒரு துளை, அதன் வழியே வந்த வெளிச்சம், சிந்திக்கும் உள்ளம் இவற்றைக் கொண்டே உலகம் அதுவரை அறியாதவற்றை அவர் அறிந்தார்.

1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய அதிகாரி தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தார். கனத்த மரக் கேமராவும் காகித நெகட்டிவும்தாம் அவருடைய சாதனங்கள். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒன்றாக இணைத்தார். நம் இளைஞர்களின் சட்டைப் பையிலுள்ள தொலைபேசி அதே காரியத்தைச் சில விநாடிகளில் செய்துவிடும். அவ்வசதி இருந்தும் நம் ஊர்ப் பழைய பள்ளிவாசல்களின் கல்வெட்டுகளைப் படமெடுத்து வைத்தவர் எத்தனை பேர்? பிரெஞ்சு நாட்டுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் 1948-இல் டில்லியில் காந்தியடிகளின் இறுதி நாளையும், 1950-இல் திருவண்ணாமலையையும் படமெடுத்தவர். சிறிய லைக்கா கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் கொண்டே பெரும்பாலான படங்களை எடுத்தார். அந்த ஒரு லென்ஸை அவர் தம் கண்ணைப்போல் அறிந்திருந்தார்.

அப்படியானால் புதிய கருவியே வாங்கக் கூடாதா? அவ்வாறு மார்க்கம் கூறவில்லை. கனாஅத் என்பது சோம்பலுக்குச் சூட்டிய அழகிய பெயரன்று. உழைப்பவனின் கருவியை ஷரீஅத் மதிக்கிறது. தொழிற்கருவிகளுக்கு ஜகாத்தே இல்லை. இமாம் கஸ்ஸாலி, இமாம் ஷாத்திபி போன்ற மேதைகள் மனிதத் தேவைகளை மூன்று படிகளாக வகுத்தார்கள். இன்றியமையாதவை ழரூரிய்யாத், இல்லாவிடில் சிரமம் தருபவை ஹாஜிய்யாத், அழகும் மேன்மையும் சேர்ப்பவை தஹ்ஸீனிய்யாத். குளியாளியின் கயிறு நைந்துவிட்டால் புதிய கயிறு முதற்படி. “பழைய கயிறே போதும்” என்பது கனாஅத் அன்று, அறியாமை. நிக்காஹ் இரண்டாம் முறை நடவாது, ஒரு கேமரா நடுவில் நின்றுவிட்டால் உதவ இன்னொன்று வேண்டும் என்பது இரண்டாம் படி, நியாயமானதே. பக்கத்துக் கடைக்காரர் வாங்கிவிட்டார் என்பது எந்தப் படி? மூன்றாம் படியில்கூட அதற்கு இடமில்லை.

ஆகவே, அன்பர்களே, ஒரு பொருளை வாங்க மனம் துடிக்கும்போது மூன்று கேள்விகளை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கையிலுள்ளதைக் கொண்டு செய்ய முடியாமல் நின்றுபோன வேலை எது? கையிலுள்ளதை நான் முழுமையாகக் கற்றுவிட்டேனா? விலை என் உழைப்பிலிருந்து வருகிறதா, வட்டியிலிருந்து வருகிறதா? முதற் கேள்விக்குப் பெயர் சொல்லக்கூடிய விடை இல்லையானால் மற்ற இரண்டும் தேவையே இல்லை. விடை இருக்குமானால் சேமித்து வாங்குங்கள், வாடகைக்கு எடுங்கள், பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் தரும் ஜமாஅத்துகளும் உள்ளன. நிர்ப்பந்தம் என்னும் வாசல், உயிர் தத்தளிப்பவனுக்காகத் திறக்கப்பட்டது. புதிய மாடல் வந்துவிட்டது என்பதற்காக அதனுள் நுழைய முற்படுவது மார்க்கத்தை விளையாட்டாக்குவதாகும். தாயின் கையிலிருக்கும் வளையல் அவளுடைய முதுமைக்கு அரண். அதை நம்முடைய போட்டிக்கு விலையாக்கலாகாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தங்கள் காலணியைத் தாங்களே தைத்துக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அரபகத்தின் தலைவருக்குப் புதிய காலணி கிடைக்காதா? இருப்பதைப் பேணுவதும் நன்றி செலுத்துவதன் ஒரு வகை என்பதை அவர்கள் வாழ்ந்து காட்டினார்கள்.

அந்த இளைஞரிடம் நான் கூறிய காரியம் இதுதான்: “உங்கள் லென்ஸை விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.” அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வந்தார். இந்தக் கரையின் ஈரக் காற்றில் லென்ஸின் உட்கண்ணாடியில் பூஞ்சை படர்ந்திருந்ததாம். படங்கள் மங்கியது அதனால்தான்! சுத்தம் செய்யச் சிறு தொகையே ஆயிற்று. இனிமேல் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் காற்றுப் புகாத பெட்டியில் வைக்கும்படி பழுதுபார்ப்பவர் சொல்லியனுப்பியிருக்கிறார். “உம்மாவின் வளையல்?” என்று கேட்டேன். “உம்மாவின் கையிலேயே இருக்கிறது, ஹஜ்ரத்” என்றார்.

அன்றிரவு நான் என் அலமாரியைத் திறந்தேன். மூன்று பதிப்புகளில் இரண்டை, கித்தாபு வாங்க வசதியில்லாத மதரஸா மாணவர் இருவருக்கென எடுத்து வைத்தேன். மீதமுள்ள ஒன்றில் மூன்றாம் பாகத்தின் முதல் பக்கத்தைப் புரட்டினேன். லென்ஸில் மட்டுமா பூஞ்சை படர்கிறது? பிறரிடம் உள்ளதையே பார்த்துக்கொண்டிருக்கும் கல்பிலும் படர்கிறது. அதைத் துடைத்துவிட்டால் பழைய கருவியிலேயே உலகம் தெளிவாகத் தெரியும்.

எல்லாம் வல்ல அல்லாஹ், கொடுத்ததைக் கொண்டு நிறைவடையும் உள்ளத்தையும், அதற்கு நன்றி செலுத்தும் நாவையும், அதைப் பேணிப் பயன்படுத்தும் கைகளையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.