கீரைக்கட்டோடு மருந்துச்சீட்டு வேண்டாம்

இயற்கைச் சந்தைகளில் இப்போ ஒரு பேச்சு அடிபடுது: "நம்ம கீரையைச் சாப்பிட்டா மூளைக்கட்டி வராது." உழவர்களே, இதை நாம் சொல்லக் கூடாது.

வைட்டமின் ஏ, சி, ஃபோலேட் சத்துகளை உணவில் அதிகம் எடுப்பவர்களிடம் மூளைக்கட்டி குறைவு என்று சில ஆய்வுகள் காட்டியது உண்மைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, நோய் வந்தபிறகு "முன்னாடி என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டு எழுதியவை. முப்பது வருஷம் வங்கியில் இருந்தவன் நான்; வாய்க்கணக்கை நம்பிக் கடன் கொடுத்ததில்லை.

நுரையீரல் புற்றுநோயிலும் இப்படித்தான் காய்கறி உண்பவர்களுக்கு நோய் குறைவு என்றார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ மாத்திரைகளைச் சோதித்தார்கள். 1994இல் வந்த முடிவு என்ன? பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் அந்தப் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல்!

முருங்கைக்கீரை கண்ணுக்கு நல்லது, நெல்லிக்காயில் வைட்டமின் சி நிறைய. அதைச் சொல்லி விற்போம், போதும். விடாத தலைவலி, காலை வாந்தி, வலிப்பு என்று யாராவது வந்தால் கீரைக்கட்டை நீட்டாதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் அவர் உயிர்க்கணக்கில் பற்று.