மெலிவதற்கும் உணவு வேண்டும்!

உடற்பருமனைக் குறைக்க வேண்டும் என்னும் ஆர்வம் இன்று மாணவ உலகில் பெருகி வருகிறது. ஆர்வம் நல்லதே. அதற்குப் பலர் தேர்ந்தெடுக்கும் வழிதான் கவலை தருகிறது. காலையில் தேநீர், நண்பகலில் இரண்டு இட்லி, இரவில் ஒரு வாழைப்பழம், ஒரு தம்ளர் பால். நாள் முழுவதற்கும் 500 கலோரி தேறுவதே அரிது. ஐந்தாம் நாள் பரோட்டாக் கடையில் விரதம் முடிகிறது. "எனக்கு மனவுறுதி இல்லை" என்று தம்மையே பழித்துக்கொள்கின்றனர். பழி மனவுறுதிக்கு உரியதன்று. வகுத்துக்கொண்ட அளவுக்கே உரியது என்பது என் கருத்து.

மனவுறுதியும் வயிற்றைச் சார்ந்ததே என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் 1944-45ஆம் ஆண்டுகளில் ஓர் ஆய்வு நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமே முன்வந்து பங்கேற்றனர். ஏறத்தாழ 3200 கலோரி உண்டுவந்த அவர்களுக்கு, ஆறு திங்கள் காலம் அதில் பாதியளவே தரப்பட்டது. எடையில் கால்பங்கு குறைந்தது. ஆனால் உள்ளமோ? சோர்வும் எரிச்சலும் மிகுந்தன. எந்நேரமும் உணவு நினைவே! சிலர் சமையல் நூல்களைச் சேகரிக்கவும் தொடங்கினர். கொள்கைக்காகப் போரையே மறுத்தவர்களுக்கு இந்நிலை என்றால், தேர்வுக்குப் படிக்கும் நம் நிலை என்ன?

அப்படியானால் எவ்வளவு உண்பது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, அமர்ந்து பணியாற்றும் 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 2110 கலோரியும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 1660 கலோரியும் நாள்தோறும் தேவை. மின்னசோட்டா இளைஞரைப் பட்டினியில் வாட்டிய 1600 கலோரி, நம் வகுப்புத் தோழி ஒருத்திக்கு ஏறக்குறைய முழு உணவு! ஆகவே, கைப்பேசியில் காணும் 1200 என்ற எண் எல்லாருக்கும் பொருந்தும் மந்திரமன்று.

அவரவர் தேவையிலிருந்து 300 கலோரி குறைத்தால் போதும் என்பேன். நான்கு தேநீருக்கு இரண்டு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையை விட்டால் 160. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைக் குறைத்தால் 120. சோற்றைத் துறக்க வேண்டியதில்லை. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7700 கலோரி. எனவே திங்களுக்கு ஒரு கிலோ அளவுக்குக் குறையலாம்.

"விரைவில் பலன் கண்டால்தானே ஊக்கம் பிறக்கும்?" என்று சிலர் கேட்கலாம். பட்டினியின் முதல் வாரத்தில் விரைந்து குறைவதில் பெரும்பங்கு நீரே. உண்ணத் தொடங்கியதும் அது திரும்பிவிடும். அத்துடன் ஊக்கமும் போய்விடும். மெல்லக் குறைப்பதில் இந்த ஏமாற்றம் இல்லை.

நண்பர்களே, இயல்பான எடை உடையோர் மெலிய முயலவே வேண்டா. நோயுற்றோர் மருத்துவரைக் கேளுங்கள். மற்றையோர், "இதே உணவை அடுத்த திங்களும் மனநிறைவோடு உண்பேனா?" என்று உங்களையே கேளுங்கள். 'ஆம்' என்னும் விடை வரும் அளவே உங்களுக்கு உரிய அளவு. அளவறிந்து உண்பவன் நெடிது வாழ்வான் என்றார் வள்ளுவர். உண்ணாதிருக்க அவர் சொல்லவில்லை!